நாலாம் பெட்டிக்காரி

"உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. விளையாடுவது மனிதர் அல்ல, இயந்திரம் என்று சந்தேகிக்கிறோம்." செல்போன் கடைக்காரர் ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினார். நாலாம் பெட்டிக்காரி அப்போது தங்கைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதிக் கூந்தலில் நின்றது.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார். இரண்டாம் தடவையும் அதேதான் இருந்தது.

"பத்தொம்பது வருஷம் பாத்த வேலையை ஒரு மெஷின் வந்து பிடுங்கிக்கிச்சு. போனாப் போகுதுன்னு வீட்டுக்கு வந்தேன். இப்ப என்னையே மெஷின்னு சொல்றானா?"

தங்கை சிரித்துவிட்டாள். கடைக்காரரும் சிரித்தார். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கட்டை விரலில் இரண்டு முடியைச் சுற்றிக்கொண்டு, அந்தக் கணக்கில் சேர்ந்திருந்ததை நினைத்தாள். அது அவளுடைய பணம் இல்லை, தங்கையின் இடது கண்.

அவளுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். குளிர்பானத் தொழிற்சாலையில் நிரப்பிய பாட்டில்கள் வரிசையாக ஓடி வரும். வழியில் ஆறு வெளிச்சப் பெட்டிகள். பெட்டி என்றால் வேறொன்றும் இல்லை, பின்னாலிருந்து வெள்ளை விளக்கு எரியும் ஒரு பால் கண்ணாடி. அதன் முன்னால் பெண்கள் உட்கார்ந்து, ஓடுகிற பாட்டிலில் தூசி இருக்கிறதா, அளவு குறைகிறதா, விரிசல் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார்கள். கெட்டது தெரிந்தால் கை போய் எடுக்கும். மூளையைக் கேட்டுக்கொண்டு எடுத்தால் அதற்குள் நாலு பாட்டில் போய்விடும். கண் பார்த்தால் கை எழ வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவள் நாலாவது பெட்டியில் உட்கார்ந்தாள். சம்பளச் சீட்டில் மட்டும் இருந்த பெயரைக் கூப்பிட ஆள் இல்லாமல் போய், நாலாம் பெட்டிக்காரி என்பதே நிலைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிர்வாகம் ஒரு கேமராவைக் கொண்டுவந்து மாட்டியது. அது தும்மாது, தண்ணீர் குடிக்க எழுந்து போகாது. ஆறு பேரையும் ஒரே நாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். போகும்போது ஐந்தாம் பெட்டிக்காரி அந்தக் கேமராவைப் பார்த்து, "நல்லா இரு மகராசி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு இந்த விளையாட்டைக் காட்டியது கீழ்வீட்டுச் செல்போன் கடைக்காரர். அது ஒரு பொய்யான ஊர். போனுக்குள்ளே தெரு உண்டு, மாடி உண்டு, கடை உண்டு, உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் பொம்மை உடம்போடு நடமாடுவார்கள். அந்த ஊரின் நடுவில் ஒரு பெரிய கூடம். அங்கே மேஜைக்கு இருவராக உட்கார்ந்து காசு கட்டி ஆடலாம். அதிர்ஷ்ட ஆட்டம் எதற்கும் அங்கே இடம் இல்லை, திறமை ஆட்டம் மட்டும்தான். அதில் ஒன்று 'வரிசை'. திரையில் ஒரே மாதிரிப் பொருள்கள் வரிசையாக ஓடும். ஒன்று மட்டும் மாறியிருக்கும். முதலில் தொட்டவருக்கு மேஜைப் பணம். கூடம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

"அக்கா, இது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் கடைக்காரர்.

அவர்தான் கணக்குத் திறந்து கொடுத்தார். பொம்மை உடம்பு தேர்ந்தெடுக்கும்போது, இலவசமாகக் கிடைத்தது ஒரு தொந்தி மீசைக்காரன் மட்டும். பெண் உடம்புக்குத் தனிக் காசு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பது என்று அதையே வாங்கிக்கொண்டாள். நாற்பத்தேழு வயதில், ஒல்லியான, மூக்குக் கண்ணாடிகூடப் போடாத ஒரு பெண், அந்த ஊரில் மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தாள். பொம்மைக்கு மேலே 'நாலாம் பெட்டி' என்று பெயர் மிதக்கும். அங்கே எல்லோரும் அவளை "அண்ணே" என்பார்கள்.

தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம்தான் ஆடுவாள். தொழிற்சாலையில் கண் களைக்காமல் இருக்க அரை மணிக்கு ஒரு தடவை ஆளை மாற்றிவிடுவார்கள். அந்தப் பழக்கம் விடவில்லை. அரை மணி ஆனதும் போனைக் கவிழ்த்து வைத்து, ஜன்னல் வழியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பத்து நிமிஷம் வெறித்துப் பார்ப்பாள். பிறகு மறுபடியும் அரை மணி. கூடத்தில் வெறி பிடித்து ஆடிச் சட்டை பனியன்வரை தோற்றுப் போனவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். இவள் அந்த ரகம் இல்லை. பாட்டில் பார்ப்பது போலவே பார்த்தாள், வென்றாள், எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

இனி அந்தக் கண்ணைப் பற்றி. சொல்லத்தான் வேண்டும்.

தங்கையும் அதே தொழிற்சாலையில் இருந்தாள், வரிசையின் கடைசியில், பாட்டில்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாட்டில் அவள் கையில் வெடித்தது. இடது கண் போனது. மேற்பார்வையாளர் ஆஸ்பத்திரிக்கு வந்து, "தலைக்கு வந்தது கண்ணோட போச்சுன்னு நினைச்சுக்கோம்மா" என்று ஆறுதல் சொன்னார். ஆறுதலாம், அவர் வாயில் மண்ணைப் போட. போகும்போது ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று அதில் எழுதியிருந்தது. அதனால் நஷ்டஈடு என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. தங்கை ஏன் அப்படிக் கையெழுத்துப் போட்டாள் என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

ஏனென்றால் அந்தப் பாட்டிலை அவள் பார்த்திருந்தாள்.

நாலாம் பெட்டி முன்னால் அது வந்தபோது, கழுத்துப் பக்கம் ஒரு கோடு தெரிந்தது, முடி அளவுக் கோடு. குளிர்ந்த பாட்டிலில் தண்ணீர் வழிந்தால் இப்படித்தான் ஒரு கோடு விழும். தண்ணீர்க் கோடு வெளிச்சத்தில் நடுங்கும், விரிசல் நடுங்காது. அதைத் தெரிந்துகொள்ள அரை நொடி வேண்டும். அந்த வாரம்தான், 'நல்ல பாட்டிலை எல்லாம் எடுத்துத் தள்ளுகிறாய்' என்று மேற்பார்வையாளர் அவளை எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தார். கை எழுந்தது. தண்ணீர்க் கோடாகத்தான் இருக்கும், ஒண்ணு விட்டா என்ன ஆயிடும் என்று மனது சொன்னது. கை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வரிசையின் கடைசியிலிருந்து சத்தம் கேட்டது. அது யார் குரல் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் எதையும் விட்டதில்லை. சந்தேகம் வந்தாலே எடுத்தாள், திட்டினாலும் எடுத்தாள். தங்கையைத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். தெருவில் நடந்தால் எப்போதும் தங்கையின் இடது பக்கம்தான், பார்வை இல்லாத பக்கம். முதல் வருஷம் தங்கை டம்ளரில் ஊற்றுவதாக நினைத்துத் தரையில் ஊற்றுவாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் துடைப்பாள். ஆஸ்பத்திரியில் வைத்துவிட்ட செயற்கைக் கண் இப்போது பொருந்தாமல் போய், எந்நேரமும் நீர் வடிந்துகொண்டிருந்தது. அளவெடுத்து, இன்னொரு கண்ணைப் பார்த்து நிறம் தீட்டி, புதிதாகச் செய்து தருகிற ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டாள். ஏழு மாத 'வரிசை' ஆட்டம் அதற்காகத்தான். பணத்தை எடுக்கிற வாரத்தில் கணக்கை நிறுத்திவிட்டார்கள்.

கூடத்துக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கேமரா முன்னால் உட்கார்ந்து, முகமும் கையும் தெரிய, அவர்கள் ஆள் ஒருவர் பார்க்க, ஐம்பது வரிசை ஆடிக்காட்ட வேண்டும். மனிதர் என்று நம்பிக்கை வந்தால் கணக்குத் திறக்கும். வராவிட்டால் அதில் இருப்பதெல்லாம் கூடத்துக்கே.

"அக்கா, உங்க மேல இருக்கிற சந்தேகமே நீங்க தப்பு பண்றதில்லைங்கிறதுதான்" என்றார் கடைக்காரர். "யானைக்கும் அடி சறுக்கும். உங்களுக்குச் சறுக்கவே மாட்டேங்குது. ஐம்பதுல ஒரு அஞ்சாறை விட்டுடுங்க. மனுஷங்கன்னா விடுவாங்க."

"தெரிஞ்சே விடச் சொல்றீங்களா?"

"ஆமா, என்ன இப்ப? பாட்டிலா வெடிக்கப் போகுது?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் முகம் வெளுத்துப்போனது. தங்கை அதைத் தன் ஒற்றைக் கண்ணால் கவனித்தாள்.

இரண்டு நாள் பழகிப்பார்த்தார்கள். காசில்லாத மேஜையில் உட்கார்ந்து, ஒன்றையாவது விட்டுவிட வேண்டும் என்று முயன்றாள். முடியவில்லை. மாறின பொருள் வந்ததும் விரல் தானாகப் போய்த் தொட்டுவிடும். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிடித்த கையோடு அக்காவின் விரல் போய்த் தொட்டது.

"ஒரு தப்பு பண்ணத் தெரியாத ஜென்மம்" என்று தங்கை அவள் தலையில் செல்லமாகக் குட்டினாள். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சோதனை நாள் மத்தியானம், கடைக்காரர் இன்னொரு போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்து, அதில் முகமும் கையும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மாடிப்படிக்குப் போய்விட்டார். அறையில் வேறு யாரும் கேமராவில் தெரியக் கூடாது. தங்கை கட்டிலில், கேமராவுக்குப் பின்னால், மருந்துக் கம்பெனிக்கான அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அது அவள் இப்போது செய்யும் வேலை. போனில் ஒரு இளம்பெண் குரல் வந்தது.

"வணக்கம்மா. நான் கூடத்திலிருந்து பேசுறேன். பதட்டப்படாதீங்க. எப்பவும் ஆடற மாதிரி ஆடுங்க."

ஆடினாள். பத்து, பதினைந்து, இருபது. ஒன்றுகூடத் தவறவில்லை. அந்தப் பெண் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. இருபத்தைந்து. முப்பது. தங்கையின் கையில் அட்டை மடியாமல் நின்றது. இப்படியே போனால் புதுக் கண் கைநழுவிப் போய்விடும் போலிருந்தது. அவள் மெதுவாக, கேமராவுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, ஒண்ணை விடேன். ஒண்ணு விட்டா என்ன ஆயிடும்?"

அக்காவின் விரல் அந்தரத்தில் நின்றது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் தன் மனது சொன்ன அதே சொல், அதே வரிசையில், தங்கை வாயிலிருந்து வந்திருந்தது. திரையில் மாறின பொருள் வந்து, ஓடி, மறைந்தது. அடுத்தது வந்தது, அதுவும் போனது. அவள் தொடவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"அம்மா? நெட் நிக்குதா?" என்றது போன்.

"நான் ஒண்ணை விட்டேன்" என்றாள் அக்கா. போனைப் பார்த்துச் சொல்லவில்லை, கட்டிலைப் பார்த்துச் சொன்னாள். "உன் கையில வெடிச்சது என் பெட்டியைத் தாண்டி வந்தது. நான் பாத்தேன். பாத்துட்டு விட்டேன். தண்ணிக் கோடுன்னு நினைச்சுக்கிட்டேன். இல்ல, அப்படி நினைச்சுக்கணும்னு நினைச்சேன்."

போனில் இருந்த பெண், "அம்மா, கேமரா ஓடிக்கிட்டிருக்கு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எங்க இருந்துச்சு விரிசல்?" என்று கேட்டாள் தங்கை. பாட்டில் அடுக்குகிறவள் கேட்கிற கேள்விதான் அது. "அடியிலயா, கழுத்துலயா?"

"கழுத்துல."

"நான் கழுத்தைப் பிடிச்சுத் தூக்கினேன். அடியைப் பிடிச்சுத்தான் தூக்கணும்னு சொல்லிக் கொடுத்திருந்தாங்க. வேகமா முடிக்கணும்னு கைக்கு ரெண்டா, கழுத்தைப் பிடிச்சுத் தூக்கினேன். அதனாலதான் வெடிச்சுச்சுன்னு சொல்லித்தான் அந்த ஆள் கையெழுத்துக் கேட்டான். நானும் போட்டேன்."

"அது உன் தப்பில்ல."

"இப்ப சொல்ற." தங்கையின் குரல் உயரவில்லை. "பதினோரு வருஷம் நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். டம்ளர்ல ஊத்தத் தெரியாம தரையில ஊத்தும்போதெல்லாம், உனக்கு இது வேணும், உனக்கு இது வேணும்னு எனக்கே சொல்லிக்குவேன். நீ பக்கத்துல உக்காந்து துடைச்சுக்கிட்டிருந்த. ஒரு வார்த்தை சொல்லல."

அக்கா மன்னித்துவிடு என்று சொல்ல வாய் எடுத்தாள், அந்தச் சொல் அவளுக்கே மிகச் சின்னதாகத் தெரிந்தது. தங்கை அட்டைகளை ஒதுக்கிவிட்டு எழுந்து வெளியே போனாள். போகிற வேகத்தில் இடது தோள் கதவு நிலையில் இடித்தது. அக்கா எழுந்தாள், பிறகு உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் கூடத்திலிருந்து செய்தி வந்தது. 'மனிதர் என உறுதி செய்யப்பட்டது.' கணக்கு திறந்துவிட்டது. கடைக்காரர் படியேறி ஓடி வந்தார்.

"முப்பது வரைக்கும் ஒண்ணும் விடாம, அப்புறம் வரிசையா விட்டீங்க பாருங்க, அதுதான் காரணம்னு போட்டிருக்கான். என்ன நடிப்புக்கா. அழுதீங்களாமே?"

அவள் சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். தங்கை அட்டைப் பெட்டியை மடித்துக்கொண்டேயிருந்தாள். அந்த மூன்று நாளும், அதற்குப் பிறகு இன்னும் பல நாளும், 'சாப்பாடு எடுத்து வச்சிருக்கு', 'கதவைச் சாத்து' என்பதைத் தாண்டி அந்த வீட்டில் பேச்சு இல்லை. தங்கை கடைக்குத் தனியாகப் போனாள், தனியாக வந்தாள். முழங்கையில் புதுக் காயம் ஒன்று இருந்தது. எங்கே இடித்துக்கொண்டாள் என்று கேட்கத் துணிவில்லாமல், அக்கா மருந்தை மட்டும் எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் மருந்து கொஞ்சம் குறைந்திருந்தது.

கண் செய்கிறவரிடம் முன்பே நாள் சொல்லியிருந்தார்கள். முதல் தடவை அளவெடுக்கப் போனபோது தங்கை முன்னால் நடந்தாள், அக்கா பத்தடி பின்னால். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது, தங்கை படிக்குக் கீழே நின்றிருந்தாள். சுவர் ஓரமாக, வலது தோள் சுவரை ஒட்ட, இடது பக்கம் காலியாக இருக்கும்படி நின்றிருந்தாள். அக்கா போய் அந்தப் பக்கம் நின்றதும் இருவரும் நடந்தார்கள். பேச்சு மட்டும் இல்லை.

அது சின்ன அறை. மேஜை மேல் மயிர் போல மெல்லிய தூரிகைகள், கண்விழிகளின் படங்கள், ஒரு தட்டில் பாதி தீட்டிய விழிகள். கண் செய்கிறவர் நிதானமான மனிதர். முடித்து வைத்திருந்த விழியைக் கழுவித் துடைத்து, தங்கைக்குப் பொருத்தி, கண்ணாடியை முன்னால் பிடித்தார்.

"பாருங்க. எது எதுன்னு எனக்கே தெரியல."

தங்கை பார்த்தாள். தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். இரண்டு கண்ணும் சேர்ந்து திரும்பின. வாரக்கணக்கில் சிரிக்காத வாய் கொஞ்சம் விரிந்தது. சிரிக்கட்டும் என்று அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. கருவிழியைச் சுற்றிய வளையம் கீழ் ஓரத்தில் ஒரு முடி அளவு மெலிந்திருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. தங்கைக்கே தெரியாது. இப்போதுதான் சிரித்திருக்கிறாள், இதைப் போய்ச் சொல்வதா? ஒண்ணு விட்டா என்ன என்று மனது சொன்னது. அந்தப் பாழாய்ப்போன மனதுக்கு வேறு சொல்லே தெரியாது போலிருக்கிறது.

தங்கை கண்ணாடிக்குள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கை எழுந்துச்சு" என்றாள்.

அக்கா குனிந்து பார்த்தாள். மடியில் இருந்த வலது கை நாலு விரல் உயரம் எழுந்து நின்றிருந்தது.

"ஒண்ணுமில்ல."

"அக்கா." அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "பாத்ததைச் சொல்லு."

"கீழ் ஓரத்துல அந்த வளையம் கொஞ்சம் மெலிசா இருக்கு. ஒரு முடி அளவுதான்."

கண் செய்கிறவர் குனிந்து பார்த்தார். விளக்கைக் கிட்டே இழுத்து, பூதக்கண்ணாடி வைத்து மறுபடியும் பார்த்தார். "அட, ஆமா" என்றார். "இதெல்லாம் யாருக்கும்மா தெரியப்போகுது? இப்படியே போட்டுக்கலாம். திருப்பித் தீட்டினா இன்னும் ஒரு வாரம் ஆகும்."

தங்கை கீழிமையை அழுத்தி விழியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"திருப்பித் தீட்டுங்க" என்றாள். "எங்கக்கா பாத்துட்டா."